பாட்டு வகுப்பில் பொறிக்கு உரிய இடம்

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. நான் பணியாற்றிய தொடக்கப் பள்ளியில் கிறிஸ்து பிறப்பு விழா. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் வெண்ணிற ஆடையுடன் மேடையில் அணிவகுத்து நின்றனர். பெற்றோர் திரளாக வந்திருந்தனர். பங்குத்தந்தை முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ஒலிபெருக்கியில் பின்னணி இசை எழுந்தது. பிள்ளைகள் அதனோடு சேர்ந்து இனிமையாகப் பாடத் தொடங்கினர். இரண்டாம் சரணத்தின் நடுவில் மின்சாரம் நின்றது. இசை நின்றது, இசையோடு பாட்டும் நின்றது.

நாற்பது பேரில் ஒருவருக்கேனும் பாடலைத் தொடர வகை தெரியவில்லை. நானே அடியெடுத்துக் கொடுக்க முயன்றேன். பதற்றத்தில் சுருதி தாழ்ந்துபோயிற்று. பிள்ளைகள் திகைத்து என் முகத்தையே பார்த்து நின்றனர். சில நிமிடங்களில் மின்சாரம் மீண்டது. பாடலை முதலிலிருந்து தொடங்கி நிகழ்ச்சியை நிறைவேற்றினோம். அனைவரும் கைதட்டினர். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மூன்று மாதங்கள் அப்பாடலைப் பயிற்றுவித்திருந்தேன். பதிவு செய்யப்பட்ட இசையை நாள்தோறும் ஒலிக்கச் செய்து, அதனோடு சேர்ந்து பாடுமாறு பணித்திருந்தேன். ஒரு நாளேனும் அதை நிறுத்திவிட்டு, “இப்போது நீங்களே பாடுங்கள்” என்று சொன்னதில்லை. பிள்ளைகள் பாட்டைக் கற்கவில்லை. பொறியைப் பின்தொடர மட்டுமே கற்றிருந்தனர். தவறு பொறியினுடையதன்று, என்னுடையது.

இன்று சிற்றூர்ப் பள்ளியிலும் ஆசிரியர் கையில் செல்பேசி இருக்கிறது. பல வகுப்பறைகளில் ஒளித்திரையும் கணிப்பொறியும் வந்துவிட்டன. இவற்றைப் பாட்டு வகுப்பினின்று துரத்த வேண்டும் என்பது என் கருத்தன்று. பொறி எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

துறவி ஒருவர் தந்த பொறி

பொறி என்றவுடன் மின்சாரத்தையே நினைக்க வேண்டா. கற்பித்தலை எளிதாக்க மனிதன் தன் அறிவால் அமைத்துக்கொண்ட சாதனம் எதுவாயினும் அது ஒரு வகையில் பொறியே. சிறுவர் பாட்டு வகுப்பிற்கு இத்தகைய சாதனம் ஒன்றை வழங்கிய பெருமை, 11ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் வாழ்ந்த குய்தோ என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியைச் சாரும்.

அக்காலத்தில் ஆலயப் பாடல்களை ஆசிரியர் பாட, மாணவர் கேட்டுக் கேட்டு மனனம் செய்வதே வழக்கம். பத்தாண்டு பயின்றும் பாடகருக்கு முழுத் தேர்ச்சி வாய்ப்பதில்லை என்று வருந்திய குய்தோ, கோடுகளை வரைந்து, அவற்றின் மேலும் இடையிலும் சுரங்களைக் குறித்தார். இன்ன சுரம் இன்ன கோட்டில் என்று கண்டவுடன் தெரிய, சிவப்பு, மஞ்சள் நிறங்களையும் பயன்படுத்தினார். ஸ்நாபக அருளப்பர் திருநாள் கீதம் ஒன்றின் சொற்றொடர்கள் ஒவ்வொன்றும் ஒரு படி உயர்ந்து தொடங்குவதைக் கண்டு, அவற்றின் முதல் அசைகளையே சுரங்களின் பெயர்களாக்கினார். நம் நாட்டில் ‘ச ரி க ம’ செய்யும் பணியை மேலைநாட்டில் இந்த அசைகள் செய்கின்றன. இம்முறையால் ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில் ஒருவரைப் பாடகராக்கலாம் என்றார். திருத்தந்தை 19ஆம் அருளப்பர் அவரை உரோமைக்கு அழைத்து, அந்நூலைத் தாமே புரட்டிப் பார்த்து, முன்பின் கேட்டறியாத ஓர் அடியைப் பாடியும் காட்டினார் என்பது குய்தோவே எழுதிய கடிதத்தினின்று தெரிகிறது.

அக்கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒற்றைத் தந்தி பூட்டிய மரப்பெட்டி ஒன்று அந்நாளைய பாட்டு வகுப்பில் வழங்கி வந்தது. அறியாத பாடலை அத்தந்தியில் மீட்டிக் கேட்டு, கேட்டதை அப்படியே பாடுவர். தொடக்க நிலையினருக்கு இம்முறை நல்லது என ஒப்புக்கொள்ளும் குய்தோ, மேலே செல்ல விரும்புவோருக்கு இது மிகவும் தீயது என்று எச்சரிக்கிறார். தந்தி இல்லாதபோதும் உள்ளத்தில் சுரம் ஒலிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட இச்செய்தி, என் மேடையில் மின்சாரம் நின்ற அந்த நிமிடத்திற்கும் பொருந்துகிறதன்றோ!

திருச்சபை வகுத்த எல்லை

இக்காலப் பொறிகளைப் பற்றியும் திருச்சபை சிந்திக்காமல் இருந்ததில்லை. 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், திருச்சடங்குப் பேராயம் திரு இசையைப் பற்றி விரிவான அறிவுரை ஒன்றை வெளியிட்டது. கிராமபோன், வானொலி, ஒலிப்பதிவுப் பொறி போன்றவற்றை வழிபாட்டில் பயன்படுத்தலாகாது என அது திட்டவட்டமாகத் தடுத்தது. அதே அறிவுரை, மக்களுக்குப் பாடல் கற்பிக்க இப்பொறிகளைப் பயன்படுத்தலாம் என்றும் இசைவு தந்தது. இறைவனுக்கு முன் மனிதன் தன் குரலையே காணிக்கையாக்க வேண்டும்; அக்குரலைப் பண்படுத்துவதற்குப் பொறி துணை செய்யலாம். இவ்வளவுதான் அதன் உட்பொருள் எனலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், குருமடங்களிலும் துறவற இல்லங்களிலும் மட்டுமன்றி, கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இசைப் பயிற்சிக்குச் சிறப்பிடம் தர வேண்டும் எனப் பணிக்கிறது. 1973ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வெளிவந்த சிறுவர் திருப்பலிக்கான வழிகாட்டி, ஆயர் பேரவை வகுக்கும் நெறிகளுக்கு உட்பட்டுப் பதிவு செய்த இசைக்கும் சிறுவர் திருப்பலியில் இடமளிக்கிறது. ஆயினும் இசைக்கருவிகளைச் சிறுவரே வாசிப்பது சிறப்பு என்றும், பாட்டை இசை விஞ்சிவிடலாகாது என்றும் அதுவே நினைவூட்டுகிறது. கதவு சற்றுத் திறக்கப்பட்டதே தவிர, முதலிடம் குழந்தையின் வாய்க்கே என்பதில் மாற்றமில்லை.

வாயை மட்டும் அசைத்த சிறுவன்

பொறியால் விளைந்த கேட்டைச் சொன்னேன். அதனால் விளைந்த நன்மையையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

அந்த நாற்பது பேரில் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் குரல் மற்றவர்களோடு சேராமல் அடியில் முனகிக்கொண்டே இருக்கும். விழா நெருங்கியதும், “தம்பி, நீ வாயை மட்டும் அசைத்தால் போதும்” என்று அவனிடம் சொல்லிவிட்டேன். ஆசிரியர் பலர் சொல்லும் சொல்தான். குழந்தையின் உள்ளத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் சொல்லும் அதுவே. “எனக்குப் பாட வராது” என்று சொல்லும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு வகுப்பில், யாரோ ஓர் ஆசிரியர் சொன்ன ஒரு சொல் அதன் பின்னால் இருக்கும்.

விழா முடிந்த பின் அவனைத் தனியே அழைத்து, ஓரடியைப் பாடச் சொல்லிச் செல்பேசியில் பதிவு செய்தேன். அதை இருவரும் சேர்ந்து கேட்டோம். தன் குரலை வெளியிலிருந்து கேட்பது அவனுக்கு அதுவே முதல்முறை. “டீச்சர், நான் கீழே பாடுறேன்” என்று அவனே சொன்னான். ஏன் கீழே பாடினான் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நான் பயிற்சிக்கு ஒலிக்கவிட்ட பதிவில் பாடியவர் ஓர் ஆண். அவர் குரலின் அடிநிலையை அப்படியே பிடிக்க இவன் முயன்றிருக்கிறான். மற்றப் பிள்ளைகள் தம் போக்கில் மேல் ஸ்தாயியில் பாடிவிட்டனர். சொன்னதைச் சொன்னவாறே செய்ய முயன்றவனைத்தான் வாய்மூடச் சொல்லியிருக்கிறேன்!

பிறகு, செல்பேசியில் தம்பூராச் சுருதியை மெல்ல ஒலிக்கவிட்டு, என் குரலிலேயே ஒரு சுரத்தைப் பாடிக் காட்டினேன். பாடும் குரல் ஏறினால் ஏறியும் இறங்கினால் இறங்கியும் செல்லும் கோடு ஒன்றைத் திரையில் காட்டும் செயலிகள் உண்டு. அதில் தன் கோட்டை மெல்ல மெல்ல உயர்த்தி, என் கோட்டோடு சேர்ப்பது அவனுக்கு விளையாட்டாயிற்று. சில வாரங்களில் திரையைப் பாராமலே அவனுக்குச் சுரம் பிடிபட்டது. காதால் மட்டும் அறிய முடியாததைக் கண்ணும் சேர்ந்து அறிந்துகொண்டது. இத்தகைய உதவியைப் பொறி செய்யும்போது அதை வேண்டாம் என்பது பேதைமை.

சுருதியைக் கவனியுங்கள்

இந்நிகழ்ச்சியினின்று ஆசிரியருக்குக் கிடைக்கும் முதற்பாடம், பதிவுகளின் சுருதியைப் பற்றியது. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, இரண்டு கட்டைச் சுருதியில் பாடுவர். பெண்களுக்கும் சிறுவர்க்கும் ஏறக்குறைய ஐந்து, ஐந்தரைக் கட்டை பொருந்தும். ஒலிநாடாக் காலத்தில் சுருதியை உயர்த்த வேண்டுமானால் நாடாவை விரைந்து ஓட்ட வேண்டும், பாட்டும் ஓட்டமெடுக்கும். இன்றைய கணிப்பொறியோ வேகத்தை மாற்றாமல் சுருதியை உயர்த்தும். சுருதியை மாற்றாமல் வேகத்தைக் குறைக்கும். கடினமான ஓர் அடியை நிதானமாகக் கேட்டுக் கற்கவும், குழந்தையின் குரலுக்கு ஏற்பப் பாடலை அமைத்துக்கொள்ளவும் இது பெரும் வாய்ப்பு. பயன்படுத்துவோர்தாம் குறைவு.

பணம் இல்லாத பள்ளிக்கு வேறொரு வழி உண்டு. 1711ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் ஷோர் என்பவர் அமைத்த இசைக்கவை இன்றும் விற்கப்படுகிறது. முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தால் ஒரே சுரம், என்றும் மாறாமல் ஒலிக்கும். மின்சாரம் வேண்டா, பழுதும் எளிதில் நேராது. அன்று மேடையில் என் கையில் அது இருந்திருந்தால் சுருதி தாழ்ந்திராது.

இரண்டாம் பாடம், சுரங்களை நிலையாக வகுத்துத் தரும் பொறிகளைப் பற்றியது. ஐரோப்பாவினின்று வந்த ஆர்மோனியம் நம் ஆலயங்களிலும் பள்ளிகளிலும் ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் அதன் கட்டைகளுக்கு இடையே நுண்சுரங்கள் இல்லை. குரல் வழுக்கிச் செல்லும் கமகங்களை அது காட்டாது. இக்காரணம் பற்றியே அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் ஆர்மோனியத்தை விலக்கியது. அத்தடை நீங்க 1971ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஹங்கேரி நாட்டுக் கத்தோலிக்க இசையறிஞர் சொல்தான் கோதாயும் (1882–1967), சிறுவர் பாட்டுக்குப் பியானோ சரியான வழிகாட்டியன்று என வலியுறுத்தினார்; துணையிசை இன்றிப் பாடும்போதே காது கூர்மையடைகிறது என்றார். அவர் வழியில் கெச்கெமேத் நகரில் 1950ஆம் ஆண்டு தோன்றிய இசைத் தொடக்கப் பள்ளியில் அன்றாடப் பாடங்களுள் ஒன்றாகப் பாட்டு இடம்பெற்றது. அங்கே முதற்கருவி கை; கையசைவால் சுரத்தைக் காட்டினால் குழந்தைகள் பாடுவர். ஆர்மோனியத்திற்குச் சொன்னது இன்றைய செயலிகளுக்கும் பொருந்தும். மேலைநாட்டுப் பன்னிரு சுரங்களை அளவுகோலாகக் கொண்ட திரை, நம் பண் ஒன்றைப் பாடும் குழந்தையைப் பிழை என்று காட்டலாம். அப்போது நம்ப வேண்டியது ஆசிரியரின் காதையே.

கேட்க மட்டுமா, பாடவுமா?

ஒரே பொறியைக் கேட்பவராக்கவும் பயன்படுத்தலாம், பாடுபவராக்கவும் பயன்படுத்தலாம். இங்கிலாந்தில் போர் மூண்ட 1939ஆம் ஆண்டில், பி.பி.சி. வானொலி பள்ளிச் சிறுவர்க்காகச் ‘சிங்கிங் டுகெதர்’ என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பெற்றோரைப் பிரிந்து சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்டிருந்த பிள்ளைகள் ஏராளம். பாட்டாசிரியர் இல்லாத பள்ளிகளிலும் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வானொலியோடு சேர்ந்து அவர்கள் பாடினர். நிகழ்ச்சி பல பத்தாண்டுகள் நடைபெற்றது. வானொலி அங்கே பாடிக் காட்டி ஒதுங்கவில்லை, பாட வைத்தது.

இன்றுள்ள சாதனங்களிலும் இவ்வாறு தேர்ந்துகொள்ளலாம். கூகிள் நிறுவனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ‘குரோம் மியூசிக் லேப்’ கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதில் குழந்தை வண்ணக் கட்டங்களை அடுக்கித் தானே சிறு மெட்டு அமைக்கலாம். தாளத்தை மாற்றிப் பார்க்கலாம். தன் குரலையே ஓவியமாகக் காணலாம். மெட்டமைத்த குழந்தையிடம், “இதை இப்போது பாடிக் காட்டு” என்று கேட்டுவிட்டால் பாடம் முழுமை பெறும். கேட்காமல் விட்டால் அது வெறும் விரல் விளையாட்டாகவே முடியும்.

தொலைவும் தாமதமும்

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடப்பட, பாட்டு வகுப்பும் செல்பேசிக்குள் புகுந்தது. அனைவரும் சேர்ந்து பாட முயன்றபோது கூச்சலே மிஞ்சியது. காரணம் எளியது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். இணையவழியில் நேரும் தாமதம் பத்தில் ஒரு நொடி என்று கொண்டாலும், அது 34 மீட்டர் தொலைவில் நிற்பவரோடு சேர்ந்து பாடுவதற்கு ஒப்பாகும். மேலும், அச்செயலிகள் பேச்சுக்காக அமைந்தவை; நீண்டொலிக்கும் சுரத்தை இரைச்சல் என்று கருதி அடக்கிவிடும் இயல்பின. ஒருவர் பாட மற்றவர் கேட்பதற்கு அவை உதவும். கூடிப் பாடுவதற்கு ஒரே அறையில் கூடுவதற்கு ஈடில்லை. ஒரே காற்றைச் சுவாசித்து, ஒருவர் முகம் ஒருவர் நோக்கிப் பாடுவதன் அருமையை அவ்வாண்டு நமக்கு உணர்த்தியது.

சில நடைமுறை யோசனைகள்

பட்டறிவால் நான் கண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

பாடலை முதலில் இருமுறை கேட்கச் செய்யுங்கள். மூன்றாம் முறை, பதிவோடு சேர்ந்து மெல்லப் பாடட்டும். நான்காம் முறை, அடியின் நடுவே ஒலியைக் குறைத்து, அடி முடிவில் கூட்டுங்கள். பிள்ளைகள் சரியான இடத்தில் வந்து சேர்கிறார்களா என்பது தெரிந்துவிடும். இது அவர்களுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. அடுத்துச் சுருதி மட்டும் ஒலிக்கட்டும். இறுதியில் அதுவும் நிற்கட்டும். இந்தக் கடைசிப் படியை எட்டாத பாடலை மேடையேற்ற வேண்டா.

புளூடூத் ஒலிபெருக்கியில் ஒலி சற்றுத் தாமதித்தே வரும். பதிவைக் கேட்பதற்கு அது தடையன்று. குழந்தை திரையைத் தட்டித் தாளம் வாசிக்கும்போது கை ஓரிடத்திலும் ஒலி வேறிடத்திலும் நிற்கும். கம்பி இணைப்பே நல்லது.

ஒலியை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின், சிறுவர்க்கு 75 டெசிபலே பாதுகாப்பான எல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வகுத்துள்ளது. பதிவு ஒலிக்கும்போது நீங்கள் இயல்பான குரலில் பேசுவது பிள்ளைக்குக் கேட்கவில்லையாயின், ஒலி மிகுதி என்று கொள்ளலாம். தன் குரலே தன் காதில் விழாத குழந்தை எவ்வாறு அதைத் திருத்திக்கொள்ளும்?

பாடும் குழந்தையைப் பதிவு செய்வது அக்குழந்தை கேட்டுத் திருந்துவதற்காகவே. பெற்றோரின் இசைவின்றி அதை ஊரறியப் பரப்பலாகாது. தவறிய சுரத்திற்காகப் பிறர் நகைக்க நேர்ந்தால், அக்குழந்தை மறுபடி வாய்திறக்கத் தயங்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அச்சிறுவன் மறு ஆண்டு விழாவில் மற்றவர்களோடு வரிசையில் நின்று பாடினான். அவ்வாண்டு மின்சாரம் நிற்கவில்லை. ஆனால் கடைசிச் சரணத்தில் நானே ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லியிருந்தேன். நாற்பது குரல்களும் தொடர்ந்தன. சற்றே சுருதி இறங்கிற்று, ஓரிருவர் முந்திக்கொண்டனர். அதனால் என்ன? அந்தப் பாட்டு அவர்களுடையதாக இருந்தது.

பள்ளியில் நாங்கள் செய்வது வாரத்திற்கு ஒரு பாடவேளையே. எஞ்சியது உங்கள் இல்லத்தில் இருக்கிறது. இன்றிரவு குடும்ப செபத்தின்போது செல்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். இந்த வாரம் பள்ளியிலோ மறைக்கல்வி வகுப்பிலோ கற்ற பாடலைப் பாடுமாறு உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். பாடி முடித்ததும், “எனக்கும் சொல்லிக்கொடு” என்று கேளுங்கள். உங்கள் குரல் எப்படி இருந்தாலும் கூடவே பாடுங்கள். சுருதி பிசகினால் உங்கள் பிள்ளை திருத்துவான்.